நழுவாத லோன்ஜி

"என் தம்பி திருடன் இல்ல!" என்று படியிலிருந்தே கத்திக்கொண்டு வந்த அம்மாள், ஆபீஸுக்குள் நுழைந்ததும் என்னைப் பார்த்து, "நீங்கதான் டிடெக்டிவா?" என்று கேட்டாள்.

"நான் அசிஸ்டென்ட். டிடெக்டிவ் அதோ, ஜன்னலோரமா முறுக்கு சாப்பிட்டுட்டு இருக்காங்க."

எங்கள் ஆபீஸ் பர்மாவில், பபேடான் வட்டாரத்தில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே இருக்கிறது. மதியமானால் வாசனை தாங்காது. அதனாலேயே பல கேஸ்களைக் காலையில் முடித்துவிடுவோம். என் பெயர் முரளிதரன். முன்பு தின்கன்ஜூனில் டாக்ஸி ஓட்டினேன். ஒருநாள் தமிழரசி அக்கா என் டாக்ஸியில் ஏறி, முன்னால் போகிற காரைத் துரத்தச் சொன்னார். துரத்தினேன். டாக்ஸி ஒரு கம்பத்தில் போய் நின்றது. அன்றிலிருந்து அக்காவிடம்தான் வேலை.

அக்கா முறுக்கை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் தம்பி."

வந்தவர் ராதாமணி. கணவர் கார்த்திகேசன், லான்மடாவில் நகைக்கடை. தம்பி உதயசூரியன். பெயர்தான் உதயசூரியன், அவன் எழுந்திருப்பது உச்சி வெயிலில். வேலை கிடையாது. ராதாமணி வீட்டில் சாப்பாடு, அத்தான் கடையில் பகல் தூக்கம், மீதி நேரம் சுருட்டு.

"சுருட்டு வாங்குவான், தீப்பெட்டி மட்டும் வாங்கவே மாட்டான்மா. தெருவெல்லாம் நெருப்பு இரவல் கேட்டுட்டுத் திரிவான். ஆனா திருடன் இல்ல. சத்தியமா இல்ல."

"என்ன காணாமப் போச்சு?"

ராதாமணி குரலைத் தாழ்த்தினாள். "அவரோட சௌக்லோன்."

ஆறு குண்டு போடுகிற ரிவால்வரை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சௌக் என்றால் ஆறு. நான் நாற்காலியைக் கொஞ்சம் சுவர்ப்பக்கமாக நகர்த்திக்கொண்டேன்.

கதை இதுதான். சில மாதங்களுக்கு முன் அந்த வட்டாரத்தில் இரண்டு மூன்று கடைகளில் கொள்ளை. பயந்துபோன கார்த்திகேசன் தற்காப்புக்கு ஒரு ரிவால்வர் வாங்கினார். லைசென்ஸ் எல்லாம் இருக்கிறது என்று தெருவுக்கே சொன்னார். பகலில் இடுப்பில், இரவில் தலையணைக்கு அடியில். நேற்றுச் சாயங்காலம் மேஜை டிராயரில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் டிராயர் காலி. கடையில் இருந்தது உதயசூரியன் ஒருவன்தான்.

"பதறிப்போய் தெருவுக்கு ஓடி, 'என் சௌக்லோனக் காணோம், என் சௌக்லோனக் காணோம்'னு கத்திட்டார். எதுத்த கடை பர்கத்துல்லா பாய்தான் வியாபாரிங்க சங்கத்துக்குத் தலைவர். அவர் வந்து என் தம்பிய எங்க கடைப் பின்கட்டுல தள்ளி கம்பிக் கதவப் பூட்டிட்டார். இன்னிக்கு சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் ஸ்டேஷன்ல ஒப்படைக்கப் போறாங்களாம். துப்பாக்கி கேசுன்னா சும்மாவா? உள்ள போனவன் எப்ப வெளிய வருவான்?"

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"வாயே தொறக்க மாட்டேங்கறார். அவன ஸ்டேஷனுக்கு அனுப்பினா நான் அந்த வீட்டுல திரும்பக் கால் வெக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். எழுந்து டீக்கடைக்குப் போயிட்டார்." இதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள். வாய்க்கு வாய் சண்டை போடுகிற பெண்மணி அழுதால் பார்க்கச் சகிக்காது. நான் முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"தம்பி என்ன சொல்றான்?" என்று அக்கா கேட்டார்.

"அதான் புரியல. கம்பிக் கதவுக்கு வெளிய நின்னு கெஞ்சிக் கேட்டேன். எடுத்தியா இல்லையான்னு சொல்லுடான்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு 'சௌக், சௌக்'னு மட்டும் முணுமுணுக்கறான். அவனுக்குத் தமிழ விட பர்மாப் பேச்சுதான் வரும். ஆறுன்னா என்ன ஆறு? ஆறு குண்டா? ஆறு பேரா?"

அக்காவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கும் வந்தது, என்னுடையது எப்போதும் தப்பான இடத்தில்தான் எரியும்.

"ஆறாம் தெரு!" என்று குதித்தேன். "லான்மடாவுல தெருவுக்கெல்லாம் நம்பர்தானே பேரு. துப்பாக்கிய ஆறாம் தெருவுல ஒளிச்சு வெச்சிருக்கான்!"

"சரி, போய்ப் பாத்துடுவோம்" என்றார் அக்கா. இந்த அக்காவிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் இதுதான். நான் சொல்வது தப்பு என்று தெரிந்தாலும் என்னை அலைய விட்டுவிட்டுத்தான் சொல்வார்.

ஆறாம் தெருவில் ஆறாவது வீடு ஒரு சலூன். உள்ளே போய் ஜாடையாக விசாரித்தேன். பேச்சு வளர்ந்தது, முடி குறைந்தது. ஆறாவது மாடி இருக்கிற கட்டடத்தில் மூச்சு வாங்க ஏறினேன். அங்கே ஒரு நாய் என்னை விசாரித்தது. தெருமுனையில் அக்கா நின்றபடியே மீன்குழம்பு ஊற்றிய மொகிங்காச் சேமியாவைச் சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கெடைச்சுதா?"

"முடி வெட்டிட்டாங்கக்கா."

"நல்லாத்தான் இருக்கு. வா, இப்ப நெஜ வேலையப் பாப்போம்."

கார்த்திகேசன் கடை பக்கத்துத் தெருவில். எதிர்வரிசையில் டீக்கடை. அங்கே போனால், மச்சானைப் பின்கட்டில் பூட்டவிட்ட மனிதர் சாவகாசமாக உட்கார்ந்து பர்கத்துல்லா பாயோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்து மேஜையில் உட்கார்ந்தோம்.

"மனுஷன நிறுத்தணும் பாய், நிறுத்தணும்!" கார்த்திகேசன் மேஜையைத் தட்டினார். "அதுக்குப் பேருதான் ஸ்டாப்பிங் பவர். உங்க நைன் எம்.எம். பட்டா கொசு கடிச்சாப்புல சொறிஞ்சுக்கிட்டே வந்துட்டிருப்பான். என்னுது த்ரீ ஃபிஃப்டி செவன். ஒண்ணு பட்டாப் போதும், எதுத்த சுவத்துல போய் ஒட்டிக்குவான்."

பர்கத்துல்லா பாய்க்குக் குடைக்கடை. வெள்ளைத் தாடி, மடிப்புக் கலையாத கட்டம் போட்ட லோன்ஜி, அதாவது இந்த ஊர்க் கைலி. "உன்னுதுல ஆறு. ஆறும் தப்பிப் போச்சுன்னா? துப்பாக்கியவே தூக்கி எறிவியா? என்னுதுல பதினஞ்சு, கடையில இருக்கறப்ப இடுப்புலயே இருக்கும். உதைப்பும் கம்மி. கை நடுங்கறவனுக்கு அதான் சரி."

"யாருக்குக் கை நடுங்குது?"

"டீ கிளாஸப் பாரு."

கிளாஸ் நடுங்கத்தான் செய்தது. கார்த்திகேசன் அதைக் கீழே வைத்தார். அப்போதுதான் கவனித்தேன், அவர் முகத்தில் இரவு முழுக்கத் தூங்காத களை. வாய்தான் பேசிக்கொண்டிருந்தது.

அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, இந்த ஊர் மரியாதைப்படி 'ஊ' சேர்த்துக் கூப்பிட்டார். "ஊ கார்த்திகேசன், ஒரு சந்தேகம். குண்டு அவனச் சுவத்துல கொண்டுபோய் ஒட்டும்னா, அதே தள்ளு உங்க கைக்கும் உண்டே? நீங்க எந்தச் சுவத்துல ஒட்டிக்குவீங்க?"

டீக்கடை சிரித்தது. பாய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கேளும்மா, நல்லாக் கேளு!"

"உங்களுக்கும் இருக்கு பாய்" என்று அக்கா திரும்பினார். "கைத்துப்பாக்கின்னு வந்துட்டா அந்த நம்பருக்கும் இந்த நம்பருக்கும் வித்தியாசம் நீங்க நெனைக்கற அளவுக்கு இல்ல. எங்க படுதுங்கறதுதான் கணக்கு. இந்தத் தெருவுல வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்பு. ரெண்டு குண்டும் பலகையத் தொளைச்சிட்டு அடுத்த வீட்டுக்குள்ள போகும். அங்க தூங்கறவங்க என்ன பாவம் பண்ணாங்க? அதோட, பாதித் திருடன் குண்டு பட்டு நிக்கறதில்ல. துப்பாக்கியப் பாத்ததுமே பயந்து..."

பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டார். வாயை மூடிக்கொண்டு கடைக் கூரையைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தால் எனக்கு ஏதோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

"போன மாசம் ஒருத்தன் உங்க கடைக்கு வந்தானாமே?"

"வந்தான்!" கார்த்திகேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சங்கிலியப் பறிச்சான். நான் துப்பாக்கிய எடுத்துக் காட்டினேன். சங்கிலியப் போட்டுட்டு ஓடினான். நான் விடுவேனா? துப்பாக்கிய இடுப்புல சொருகிக்கிட்டு ரோட்டு முனை வரைக்கும் தொரத்தினேன். எல்லாரும் பாத்தாங்க."

"பாத்தோம், பாத்தோம்" என்று டீக்கடையே சாட்சி சொன்னது.

"லோன்ஜியிலயா?"

"பின்ன? கோட்டு சூட்டா?"

"பெல்ட்டு?"

"லோன்ஜிக்கு எவன் பெல்ட்டு கட்டுவான்?"

"குண்டோட சேத்து அந்தத் துப்பாக்கி எவ்வளவு கனம் இருக்கும் பாய்?" என்று அக்கா பாயிடம் கேட்டார். பாய் தாடியைத் தடவினார். "த்ரீ ஃபிஃப்டி செவன் முழுசும் இரும்பு. முக்கால் வீசைக்குக் கொறையாது, ஒண்ணேகால் கிலோ."

அக்கா டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார். "அண்ணே, பால் டின்னு ஒடைக்காதது மூணு குடுங்க. ஒரு துணிப்பையும் வேணும்."

எனக்குப் புரிந்துவிட்டது, நானும் லோன்ஜிதான் கட்டியிருந்தேன். "அக்கா, வேணாங்கக்கா."

"முக்கால் வீசை வந்துடும். முரளி, இத இடுப்புல சொருகிக்கோ. ரோட்டு முனை வரைக்கும் ஓடிட்டு வா."

"அக்கா, நான் கல்யாணம் ஆகாதவன்."

"ஓடு."

சொருகினேன். நிற்கும்போதே இடுப்பு முடிச்சு முனகியது. நாலு எட்டு வைத்தேன். முடிச்சு தளர்ந்தது. ஓட ஆரம்பித்ததும் பால் டின்கள் தங்கள் வழியே இறங்கின, லோன்ஜியும் கூடவே போயிற்று. முருகா! நடுத்தெருவில், கால்சட்டையோடு, டின் ஒன்று உருண்டு சாக்கடைப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாடி மாடியாகச் சிரிப்பு கேட்டது. ஒரு குழந்தை கை தட்டியது. பர்கத்துல்லா பாய் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆனால் சிரிக்கும்போதே அவருடைய கை தன் இடுப்பு முடிச்சுக்குப் போய்விட்டு வந்தது.

தெருவில் சிரிக்காத ஒரே ஆள் கார்த்திகேசன். டீ கிளாஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பாய் தொழுகைக்கு எழுந்து போனார். நான் லோன்ஜியை வாரிச் சுருட்டிக்கொண்டு வந்தேன். "போதுமா? இதுல என்ன கண்டுபிடிச்சீங்க?"

"முக்கால் வீசையச் சொருகிட்டு ஓடியும் அவரோடது அவுந்து விழல" என்று அக்கா மெதுவாகச் சொன்னார். "வா, மச்சானப் பாப்போம்."

பின்கட்டுக்குப் போகும் வழியில் கடை ஆட்கள் இருவர் காவல். ஒருவன் தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், இன்னொருவன் மார்பில் அண்டா மூடி. கம்பிக் கதவிலிருந்து நல்ல தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். சுவரில் நீளமான மூங்கில் குச்சி ஒன்று சாய்த்து வைத்திருந்தது.

"அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"சோத்துத் தட்டத் தள்றதுக்கு" என்றான் ஹெல்மெட்.

"அவனச் சோதிச்சுப் பாத்தீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"யாரு? நாங்களா? கிட்டப் போயா?" அண்டா மூடி ஒரு அடி பின்வாங்கியது. "த்ரீ ஃபிஃப்டி செவன்க்கா! பட்டா சுவத்துல ஒட்டிக்குவோமாம்."

உள்ளே, அரிசி மூட்டைமேல் சாய்ந்தபடி உதயசூரியன் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். நாற்பது வயசு இருக்கும். தொந்தி, தூக்கம் சொக்குகிற கண், யாரையும் முறைக்கத் தெரியாத முகம். தரையில் சுருட்டுத் துண்டுகள் கிடந்தன. புகை கம்பி வழியாகச் சுருள் சுருளாக வந்தது.

அக்கா சாவியை வாங்கிக் கதவைத் திறந்து உள்ளே போனார். காவல்காரர்கள் இருவரும் எங்கேயோ மறைந்துவிட்டார்கள். அக்கா போனால் நானும் போகத்தானே வேண்டும்? போனேன். அக்காவின் முதுகுக்குப் பின்னால்.

"நான் தமிழரசி. உங்க அக்கா அனுப்பினாங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "என்னை ஒண்ணும் கேக்காதீங்கக்கா."

"ஒண்ணும் கேக்கல. இந்த முரளிக்கு ஒரு சுருட்டு குடுங்க. பாவம், தெருவுல மானம் போய் வந்திருக்கான்."

உதயசூரியன் என்னைப் பரிவாகப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து நீட்டினான். வாயில் வைத்துக்கொண்டேன். எனக்குச் சுருட்டுப் பழக்கமே கிடையாது. இந்த வேலையில் என்னவெல்லாம் பழக வேண்டியிருக்கிறது பாருங்கள்.

"நெருப்பு?" என்றார் அக்கா.

அவன் கை தானாக இடுப்புக்குப் போனது. போன கை பாதியில் உறைந்து நின்றது. அக்காவைப் பார்த்தான். அக்கா சிரித்தார்.

"தீப்பெட்டியே வாங்காத ஆளு நீங்க. ராத்திரியிலேருந்து பூட்டின கதவுக்குள்ள இருக்கீங்க. சோத்துத் தட்டே குச்சி முனையில வருது. இத்தனை சுருட்டுக்கும் யாரு நெருப்பு குடுத்தா உதயா?"

உதயசூரியன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். பிறகு லோன்ஜி மடிப்பிலிருந்து அதை எடுத்தான். கருப்பு ரிவால்வர். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் பாய்ந்துவிட்டேன். 'டிக்' என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் குழாய் முனையில் சின்னதாக ஒரு நீலச் சுடர்.

"லைட்டரு" என்றேன்.

"சௌக்னா ஆறு மட்டுமில்ல முரளி" என்றார் அக்கா. "இந்த ஊர்ப் பேச்சுல பயமுறுத்தறதும் சௌக்தான். வயல்ல குருவி வெரட்ட நிக்கவெக்கற பொம்மைக்கு இங்க என்ன பேரு? சா சௌக் யோ. இவர் அவங்க அக்காகிட்ட சொன்னது அதுதான். அது ஆறு குண்டுத் துப்பாக்கி இல்ல, வெறும் பூச்சாண்டின்னு. அவங்க காதுல ஆறுன்னு விழுந்திருக்கு."

"வாய் தவறி வந்துடுச்சு" என்றான் உதயசூரியன். "அதுக்கு மேல சொல்லக் கூடாதுன்னு நிறுத்திக்கிட்டேன். அக்கா, தயவு பண்ணி நீங்களும் சொல்லிடாதீங்க. இது பொம்மைன்னு தெரிஞ்சா அத்தான் இந்தத் தெருவுல தலை நிமிந்து நடக்க முடியாது. இத வெச்சுத்தான் அவருக்கு மதிப்பு."

"அப்புறம் ஏன் எடுத்தீங்க?"

அவன் சுருட்டை அணைத்தான். "நாலு நாளா டீக்கடையில புதுசா ஒருத்தன் உக்காந்து கடையவே நோட்டம் விடறான். பேண்ட்டு போட்டு, பெல்ட்ட இறுக்கிக் கட்டியிருக்கான். சட்டைக்குள்ள புடைச்சிட்டிருக்கு. அவன்கிட்ட இருக்கறது நெஜம். அத்தான் இதப் போய் நீட்டுவார். அவன் அத நீட்டுவான்." அணைந்த சுருட்டைத் தரையில் உருட்டினான். "சும்மா உக்காந்து சாப்பிடறேன்னு ஊரே பேசுது. அத்தான் ஒரு நாள் ஒரு சொல் சொன்னதில்லக்கா. அவர் செத்துப்போயிடக் கூடாது. கையில இது இல்லைன்னா வீம்பு பண்ண மாட்டார், கேட்டா சங்கிலியக் குடுத்துடுவார்னு நெனைச்சேன்."

நான் அந்த ஆளைப் பற்றி நினைத்ததை எல்லாம் மனதுக்குள்ளேயே திருப்பி எடுத்துக்கொண்டேன்.

"நான் சொல்ல மாட்டேன். சத்தியம்" என்றார் அக்கா. அப்போது வாசலில் பாயின் குரல் கேட்டது. தொழுகை முடிந்து வந்துவிட்டார்.

எனக்குப் பதைப்பாக இருந்தது. "என்னக்கா இப்படி வாக்குக் குடுத்துட்டீங்க? சொல்லாம எப்படி இவரக் காப்பாத்தறது?"

"சொல்ல வேண்டியவர் வெளிய இருக்கார். வா."

கடை முன்னால் தெருவே திரண்டிருந்தது. ராதாமணி கணவனுக்கு முதுகைக் காட்டியபடி நின்றாள். அக்கா நடுவில் போய் நின்றார். "துப்பாக்கி எங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. எடுத்தது யாருன்னும் தெரிஞ்சுபோச்சு. ஆனா அதுக்கு முன்னாடி ஊ கார்த்திகேசன் ஒரு விஷயம் சொல்லணும். அந்தத் துப்பாக்கிக்கு உண்மையிலயே எவ்வளவு ஸ்டாப்பிங் பவர்?"

கார்த்திகேசன் அக்காவைப் பார்த்தார். என் லோன்ஜியைப் பார்த்தார். "அது... த்ரீ ஃபிஃப்டி செவன்..." என்று ஆரம்பித்தார்.

அதற்குள் பின்னாலிருந்து உதயசூரியன் வந்துவிட்டான். இரண்டு கையையும் மேலே தூக்கியபடி வந்தான். கூட்டம் சடாரென்று பின்வாங்கியது.

"அத்தான ஒண்ணும் கேக்காதீங்க. நான்தான் எடுத்தேன். ஆத்துல போட்டுட்டேன். வாங்க பாய், ஸ்டேஷனுக்குப் போலாம்."

"அடப்பாவி!" என்று ராதாமணி அலறினாள். பாய் அவன் கையைப் பிடிக்கத் தயங்கித் தயங்கி நெருங்கினார்.

நான் கார்த்திகேசனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சானின் தூக்கிய கையையும், முடிச்சு நழுவாமல் நிற்கிற லோன்ஜியையும், அதன் மடிப்பில் லேசாகத் துருத்திக்கொண்டிருந்த கருப்பு நுனியையும் அவர் பார்த்துவிட்டார். ஆற்றில் போட்டதாகச் சொன்னவன் இடுப்பில் அது இருக்கிறது. இவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஜெயிலுக்குக் கிளம்பிவிட்டான். அது ஒவ்வொன்றாக அவர் முகத்தில் ஏறியது.

"நில்லுங்க பாய்!"

குரல் தெருமுனை வரை கேட்டது. பாய் நின்றார்.

"அது துப்பாக்கி இல்ல." கார்த்திகேசன் கண்ணை மூடிக்கொண்டார். "லைட்டரு. சுருட்டு பத்தவெக்கற லைட்டரு. மார்க்கெட்டுல வாங்கினேன். லைசென்ஸ் கெடையாது, குண்டு கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. பயமா இருந்துச்சு, வாங்கினேன். நீங்க எல்லாரும் மரியாதையாப் பாத்தீங்களா, அப்படியே சொல்லிட்டேன். இந்த முட்டாப்பய எனக்காக உள்ள போறேங்கறான். இவன் மேல யாரும் கை வெக்கக் கூடாது. தப்பு என்னுது."

உதயசூரியன் கையை இறக்கி, இடுப்பிலிருந்து அதை எடுத்து 'டிக்' செய்து காட்டினான். ஹெல்மெட் போட்டவன் அப்போதும் குனிந்துகொண்டான்.

"மூணு மாசமா!" ராதாமணி கணவன் பக்கம் திரும்பினாள். "மூணு மாசமா அதத் தலகாணிக்கு அடியில வெச்சுட்டுப் படுத்தீங்களே, பெரண்டா வெடிச்சுடும்னு நான் ஒரே பக்கமாப் படுத்துக் கழுத்து புடிச்சுக்கிச்சே! தைலம் தேச்சு விட்டீங்களே, அப்பவாவது சொன்னீங்களா?" திட்டிக்கொண்டே போய் தம்பியைக் கட்டிக்கொண்டாள். தெரு சிரிக்க ஆரம்பித்தது. கார்த்திகேசன் வெட்கத்தோடு மச்சான் தோளில் கை போட்டார். உதயசூரியன் அத்தான் காதில் என்னவோ சொன்னான், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாய், ஸ்டேஷனுக்குப் போறதுன்னு கெளம்பிட்டீங்க. வீணாக வேணாம்" என்றார் அக்கா. "பெல்ட்டு கட்டின ஆள் ஒருத்தன் கடைய நோட்டம் விடறானாம். அதச் சொல்லிட்டு வாங்க. உதயன் அடையாளம் சொல்வான்."

பர்கத்துல்லா பாய் மார்பை நிமிர்த்தினார். "போறேன். ஆனா பாத்துக்குங்க, இந்தத் தெருவுல நெஜமான துப்பாக்கி என்னுது ஒண்ணுதான்னு ஆயிடுச்சு."

அக்கா பாயின் லோன்ஜி முடிச்சைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தெரு முழுக்கப் பார்த்தது. பாய் முடிச்சைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று தன் குடைக்கடைக்குள் போய், கையில் ஒரு கருப்புக் கைத்துப்பாக்கியோடு திரும்பி வந்தார். உதயசூரியன் அப்போதுதான் ஒரு சுருட்டைப் பற்ற வைத்து ஆனந்தமாக ஒரு இழுப்பு இழுத்திருந்தான்.

பாய் குறி பார்த்தார். சர்ரென்று ஒரு தண்ணீர்க் கம்பி பாய்ந்தது. சுருட்டு அணைந்தது. உதயசூரியன் முகமெல்லாம் சொட்டியது.

"பேரனோட திங்யான் தண்ணித் திருவிழாத் துப்பாக்கி. பூட் பாலிஷ் போட்டுக் கருப்பாக்கினேன்" என்றார் பாய் கம்பீரமாக. "ஆனா பாத்தியா கார்த்திகேசா? உன்னுது பத்தவெச்சுச்சு. என்னுதுதான் நிறுத்துச்சு."